குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வர்டு கிளப்பிய வாக்குவாதம்

சுமதி அத்தை: காலையில் வந்த ஃபார்வர்டைப் படித்தீர்களா? நல்ல தேசத் தலைவருக்கு இருக்க வேண்டிய 10 குணங்களாம். நேர்மை, துணிச்சல், பொறுமை, ஒழுக்கம்… மாப்பிள்ளை தேடுகிறவர்களும் இதைத்தானே கேட்கிறார்கள்!

பெரியப்பா: அனுப்பியது நான்தான் 😄 அதில் என்ன குறை?

சுமதி அத்தை: குறை இல்லை அண்ணா. ஆனால் எல்லாத் தலைவர்களுமே தங்களிடம் இவை இருப்பதாகத்தான் சொல்வார்கள். நாம் வெளியிலிருந்து பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்.

கார்த்தி: டக்கென்று முடிவெடுப்பது. ஆளாளுக்கு அபிப்பிராயம் கேட்டுக்கொண்டே இருந்தால் நாடு எங்கே நகரும்?

பெரியப்பா: சரி, அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியைப் பார். 1961 ஏப்ரலில் கியூபாவின் காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க, அமெரிக்கா பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூப அகதிகளை அங்கே பன்றிகள் விரிகுடாவில் இறக்கினார்கள். மூன்றே நாளில் கதை முடிந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். திட்டம் தேறாது என்று நினைத்த ஆலோசகரும் இருந்தார், ஆனால் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.

திவ்யா: பழி யார் தலையில் விழுந்தது?

பெரியப்பா: பொறுப்பு என்னுடையது என்று கென்னடியே செய்தியாளர்களிடம் சொன்னார். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்தது. 1962 அக்டோபரில் அதே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். 13 நாள் நெருக்கடி. இந்த முறை சில ஆலோசனைக் கூட்டங்களுக்கு அவர் வேண்டுமென்றே போகவில்லை. அதிபர் எதிரே இருந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

கார்த்தி: அப்புறம்?

பெரியப்பா: படைத் தளபதிகள் குண்டு வீசச் சொன்னார்கள். அவர் கடல்வழியை மறிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கார்த்தி: அதுவும் துணிச்சல்தானே!

பெரியப்பா: ஆமாம்டா, எல்லோரையும் கேட்ட பிறகு வந்த துணிச்சல்.

திவ்யா: பெரியப்பா, சோவியத் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுப்பதற்குப் பதிலாகத் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடுகிறோம் என்று ரகசியமாக ஒப்புக்கொண்டதும் அதே கென்னடிதானே? மக்களிடம் சொல்லவே இல்லையே.

சுமதி அத்தை: சபாஷ்! பட்டியலின் முதல் குணமே போச்சு.

பெரியப்பா: வெளியே சொல்லியிருந்தால் துருக்கியும் இருக்கிற நேட்டோ ராணுவக் கூட்டணிக்குள்ளேயே பிரச்சினை வெடித்திருக்கும். போரைத் தவிர்த்தாரா இல்லையா?

திவ்யா: தவிர்த்தார். ஆனால் நாட்டு நன்மைக்காக மறைத்தேன் என்று எந்தத் தலைவரும் சொல்லிவிடலாமே. யார் சரிபார்ப்பது?

பெரியப்பா: அந்தக் கூட்டங்களை அவரே ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். பிற்பாடு எல்லாம் வெளியே வந்தது.

திவ்யா: பதிந்ததும் ரகசியமாகத்தான் 🙄

சுமதி அத்தை: என் ஓட்டு இன்னொரு அமெரிக்க அதிபர் லிங்கனுக்கு. 1860இல் கட்சி வேட்பாளர் ஆவதற்குத் தன்னோடு மோதிய சீவர்ட், சேஸ், பேட்ஸ் மூவரையும் அமைச்சராக்கினார். அதில் சேஸ், நிதியமைச்சராக இருந்துகொண்டே 1864 தேர்தலில் லிங்கன் இடத்துக்கே அடிபோட்டவர். அதே ஆண்டு கடைசியில் அவரைத் தலைமை நீதிபதியாக நியமித்தவரும் லிங்கன்தான்!

கார்த்தி: என்னால் முடியாது அத்தை.

சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். பதவியை விடுவதையும் சேருங்கள். தென்னாப்பிரிக்காவின் மண்டேலா 27 ஆண்டு சிறையில் இருந்தவர். 1994இல் அதிபரானார், 1999இல் ஒரே தவணையோடு இறங்கிவிட்டார். இன்னொரு தவணைக்குச் சட்டத்தில் இடம் இருந்தும்!

கார்த்தி: இந்தக் குழுவின் அட்மின் பதவி எத்தனை தவணை சித்தப்பா? 😂

சித்தப்பா: அதை விடு. திவ்யா கேட்டதற்கு முதலில் அண்ணன் பதில் சொல்லட்டும்.

பெரியப்பா: யோசித்துக்கொண்டிருக்கிறேன்.