புதுப்பிப்பு: இணைந்த மங்கனீசுக் கொத்துகள், பூச்சியப் புலத்தில் படி ஏன் இல்லை?

மறுமொழி எழுதின எல்லாருக்கும் நன்றி. கருத்தரங்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் முடிஞ்சுது. பின்னாடி தேடி வாறவைக்காக விடையைப் பதிவு செய்து விடுறன்.

என்ர கேள்வி இதுதான்: நாலு மங்கனீசு அணு கொண்ட, ஒவ்வொரு மூலக்கூறும் காந்தமாக நடக்கிற தனி மங்கனீசு‑4 கொத்தின் (சுழற்சி, அதாவது spin, 9/2) தயக்க வளையத்தில் (புலத்தைக் கூட்டிக் குறைக்கேக்க காந்தமாக்கம் மாறுற வரைபு) பூச்சியப் புலத்தில் குவாண்டம் சுரங்கப் படி வரும்: சுழற்சி ஆற்றல் தடையை ஊடுருவித் திசை மாறுறதால வாற திடீர்ச் சரிவு. 2002இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியான இணைச்சோடியில் (ரெண்டு கொத்து சேர்ந்தது) அது ஏன் காணாமல் போகுது?

மறுமொழி எழுதின ரொறன்ரோ அக்கா சொன்ன வழிதான் சரிவந்தது: "பக்கத்து மூலக்கூறையே ஒரு சிறு காந்தமாக எடுங்கோ." அதின்ர புலம்தான் படியைப் பூச்சியத்திலிருந்து தள்ளி வைக்குது. ஒரு கொத்துக்கு 10 நிலை, சோடிக்கு 100. பைதனில் 100×100 அணி. பழைய மடிக்கணினிக்கும் அது ஒரு பொருட்டில்லை. இணைப்பு எதிர்ப்பெரோ வகை (ரெண்டு சுழற்சியும் எதிரெதிராக நிக்கப் பார்க்கும்), அதின்ர ஆற்றல் வெப்பநிலை அலகில் ஏறத்தாழ 0.1 கெல்வின். அதை 9/2ஆல் பெருக்கி, g × போர் மக்னற்றனால் (சுழற்சியின்ர ஆற்றலைப் புலத்தோட இணைக்கிற மாறிலிகள்; g=2 எண்டால் டெஸ்லாவுக்கு 1.34 கெல்வின்) வகுத்தால் 0.33 டெஸ்லா. அளவீட்டிலும் முதல் படி அங்கதான்: நிறைவுநிலையிலிருந்து (எல்லாச் சுழற்சியும் புலத்தின் திசையில் நிக்கிற நிலை) இறங்கேக்க, புலம் பூச்சியத்தைத் தொட முதலே. பூச்சியத்தில் திசை மாற ரெண்டு கொத்தும் ஒரேயடியாகப் புரளவேணும், அது அரிது.

எதிர்பாராதது: அணியில் குறுக்குக் கூறுகளை (சுழற்சி நிலைகளை ஒண்டோடொண்டு கலக்கிறவை) விட்டிட்டுப் போட்டாலும் முதற் படியின் இடம் மாறேல்லை. இந்த இணைப்பு இவ்வளவுக்கும் காரணம் C–H···Cl ஐதரசன் பிணைப்புகளும் ஒரு குளோரின்–குளோரின் தொடுகையும்தான். கொத்துகளைக் கோக்கேக்க பலமான பாலம் தேடுறவை இதைக் கவனியுங்கோ.