உதவி தேவை: எச்ஓ மேசையில் பெட்டிகள் நடுவழியில் கழன்றுகொள்கின்றன, மதியம் ஆனால் தடம் புரள்கின்றன

மொட்டைமாடி ஜங்ஷன்:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை ஒன்று இருக்கிறது. எட்டு மாதமாக அதில் எச்ஓ அளவில், அதாவது 1க்கு 87 விகிதத்தில், ஒரு ரயில் லேஅவுட் கட்டி வருகிறேன். மேசை 8 அடிக்கு 4 அடி. சுற்றி ஒரு முட்டை வடிவப் பாதை, பின்பக்கம் சுவரை ஒட்டி நேர்ப்பாதை, நடுவில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு சின்ன மலை.

மலை வைக்கும் வரை வண்டி ஒழுங்காக ஓடியது. இப்போது முன்பக்கப் பாதையில், மேசையின் நடுப்பகுதிக்கு வந்ததும் ஏதாவது ஒரு பெட்டி கழன்றுகொள்கிறது. இன்ஜின் பாட்டுக்குப் போய்விடும், பெட்டிகள் அநாதையாக நிற்கும். பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளை, அதாவது கப்ளர்களை, இரண்டு முறை மாற்றிவிட்டேன், காசுதான் போனது. இது போதாதென்று, மதியம் 2 மணிக்கு மேல் பின்பக்க நேர்ப்பாதையில் தடம் புரள்கிறது. காலையில் அதே இடத்தில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது!

மேசையை நானே செய்தேன். 12 மிமீ பிளைவுட், 4க்கு 4 அடியில் இரண்டு துண்டு. முழு ஷீட் மாடிப்படித் திருப்பத்தில் ஏறாது என்று கடையிலேயே அறுத்து வாங்கினேன். ஓரம் முழுக்க 2க்கு 1 இஞ்ச் ரீப்பர், அதாவது மெல்லிய மரச் சட்டம். இரண்டு துண்டையும் அடியில் நான்கு இரும்புப் பட்டை வைத்துத் திருகி இணைத்திருக்கிறேன். நான்கு மூலைக்கும் ஒவ்வொரு கால். எங்கே தப்பு?

கூட்ஸ் கார்டு:

முதலில் ஒரு சோதனை. பெட்டிகளின் வரிசையை மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். எங்கே ஓடினாலும் ஒரே பெட்டி கழன்றால் கோளாறு பெட்டியில். எந்தப் பெட்டியானாலும் ஒரே இடத்தில் கழன்றால் கோளாறு பாதையில். இதைப் பார்க்காமல் கப்ளர் வாங்குவது, காய்ச்சலுக்குக் கண்ணாடி மாற்றுவது போல.

மொட்டைமாடி ஜங்ஷன்:

மாற்றிப் பார்த்தேன் சார். எந்தப் பெட்டியானாலும் அதே இடம்தான். சாக்பீஸால் குறி போட்டேன், ஒரு சாண் நீளத்துக்குள் எல்லாம் நடக்கிறது. இரண்டு பிளைவுட் துண்டும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்.

மரவாடி:

கப்ளரை விடுங்கள் தம்பி, மரத்தைப் பார்ப்போம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மர வேலை. பொம்மை ரயிலும் வைத்திருக்கிறேன் என்பதால் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

மேசையின் இரண்டு முனையிலும் ஒரே உயரமுள்ள இரண்டு கட்டைகளை வையுங்கள். அவற்றின் மேல் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள், தொட்டால் வீணை மாதிரி அதிர வேண்டும். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, கட்டையின் உயரத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் தொய்வு. அப்புறம் ஒரு ஸ்டீல் ஸ்கேலை இணைப்பின் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதா பாருங்கள். ரசமட்டத்தை நான்கு மூலையிலும் வையுங்கள். இன்னொரு கேள்வி: அந்த ரீப்பரைப் படுக்க வைத்து அடித்தீர்களா, நிற்க வைத்தா?

மொட்டைமாடி ஜங்ஷன்:

நூல் கட்டினேன். நடுவில் 9 மிமீ இறங்கியிருக்கிறது! பக்கத்து வீட்டு வேலைக்கு வந்திருந்த ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன், "மூணு நூல் இறங்கியிருக்கு" என்றார் (ஆசாரிக் கணக்கில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). இணைப்பில் இடது பலகை வலதைவிட அரை நூல் உயரம். ரசமட்டத்தில் ஒரு மூலை நன்றாகவே தாழ்ந்திருக்கிறது. தளத்தில் மழைத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பதை நான் யோசிக்கவே இல்லை.

ரீப்பரைப் படுக்க வைத்துத்தான் அடித்தேன். திருகு போட அகலம் கிடைக்குமே என்று.

மரவாடி:

நினைத்தேன். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

ஒரு சட்டம் எவ்வளவு வளையும் என்பதில் அகலத்துக்கு ஒரு மடங்குதான் மதிப்பு, உயரத்துக்கோ மும்மடிப் பெருக்கம். உங்கள் 2க்கு 1 ரீப்பர் படுத்திருக்கும்போது 2 பெருக்கல் 1 பெருக்கல் 1 பெருக்கல் 1, ஆக 2. அதையே நிமிர்த்தி வைத்தால் 1 பெருக்கல் 2 பெருக்கல் 2 பெருக்கல் 2, ஆக 8. அதே மரம், அதே காசு, நாலு மடங்கு விறைப்பு. 3 இஞ்ச் உயரமுள்ள சட்டத்தை நிற்க வைத்தால் 27. படுத்திருக்கும் ரீப்பரைவிட பதின்மூன்றரை மடங்கு.

அடுத்தது கால்கள். தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்காகும். நீங்கள் 8 அடியை மூலைக் கால்களில் நிறுத்தி, சரியாக நடுவில் பலகையையும் வெட்டி, அதன் மேல் மலையையும் வைத்திருக்கிறீர்கள். இரும்புப் பட்டைக்கு இழுவிசை தாங்கத் தெரியும், விறைப்பாக நிற்கத் தெரியாது. பலகை நடுவில் வி வடிவத்தில் மடிகிறது.

அரை நூல் என்பது 1.6 மிமீ. சின்னதாகத் தெரியும். 87ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 14 செ.மீ. நிஜத் தண்டவாளத்தில் 14 செ.மீ. படி இருந்தால் என்ன ஆகும்? பெட்டியின் மூக்கு மேலே எழும்ப, அடுத்த பெட்டியின் கப்ளர் அடியில் நழுவிவிடும். எச்ஓ சக்கரத்தின் விளிம்பு ஆழமே 0.6 மிமீ சொச்சம்தான். பெட்டி கழல்வதோடு நின்றதே உங்கள் அதிர்ஷ்டம்.

கோவை எச்ஓ:

என் கருத்து: மறைன் பிளைவுட் 19 மிமீ வாங்கிப் போட்டுவிடுங்கள். வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லை.

மரவாடி:

வேண்டாம். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மறைன் பிளைவுட்டின் சிறப்பு, தண்ணீரில் பசை விடாது என்பது. தொய்வுக்கு அது மருந்தல்ல. 12 மிமீ 8க்கு 4 ஷீட் ஒன்றே 20 கிலோவுக்கு மேல் வரும். 19 போட்டால் எடை ஒன்றரை மடங்குக்கு மேல், அதையும் அந்த நான்கு கால்களே சுமக்க வேண்டும். மேல் பலகை தடிமனாக இருப்பதைவிட, அடியில் சட்டம் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். 16 இஞ்சுக்கு ஒரு குறுக்குச் சட்டம் இருந்தால் 12 மிமீ தாராளம்.

சரி, மேலே உள்ளதைப் பிரிக்காமல் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் லின் வெஸ்ட்காட் என்ற மாடல் ரயில் பத்திரிகை ஆசிரியர் பிரபலமாக்கிய எல் கர்டர் முறை உங்களுக்குப் பொருந்தும்.

4க்கு 1 இஞ்ச் பலகையை நிற்க வைத்து, அதன் தலையில் 2க்கு 1 ரீப்பரைப் படுக்க வைத்துப் பசையும் திருகும் போட்டு இணையுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தலைகீழான எல் எழுத்து மாதிரி இருக்கும். இப்படி 8 அடி நீளத்தில் இரண்டு. ஷீட்தான் படியில் ஏறாது, 8 அடி ரீப்பர் ஏறும். இரண்டையும் சுமார் 30 இஞ்ச் இடைவெளியில் வைத்து, உங்கள் மேசையின் இரண்டு பாதிகளையும் அவற்றின் மேல் உட்கார வையுங்கள். இணைப்பு இனி தன் பலத்தில் நிற்க வேண்டியதில்லை, அதன் அடியில் முழுசாக ஓடும் கர்டர் இருக்கும்.

காலை மூலையில் வைக்காதீர்கள். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளுங்கள், உங்களுக்கு 19 இஞ்ச். முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த எடையே நடுவைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கால் 2க்கு 2, ஒவ்வொன்றுக்கும் சாய்வாக ஒரு முட்டு. முட்டு இல்லாத மேசை எவ்வளவு கனத்த மரமானாலும் ஆடும். காலின் அடியில் டி நட் (மரத்தில் பதிக்கும் மரை) பதித்து, போல்ட்டைத் திருகி ஏற்றி இறக்கும்படி செய்துகொண்டால் தளத்தின் வாட்டத்தை ரசமட்டம் பார்த்துச் சரிக்கட்டலாம். அட்டையை மடித்துச் செருகும் வேலை வேண்டாம், மழைக்காலத்தில் அது ஊறி அமுங்கும்.

திருகு எல்லாம் அடியிலிருந்து மேல் நோக்கி இருக்கட்டும். நாளைக்குக் கழற்ற வேண்டுமானால் மலையைப் பெயர்க்க வேண்டியிருக்காது.

மீட்டர் கேஜ்:

மதியப் பிரச்சினையை யாரும் தொடவில்லையே. அது வேறு நோய், மேசையைச் சரிசெய்தாலும் போகாது. பின்பக்க நேர்ப்பாதையில் தண்டவாள இணைப்புகளை எல்லாம் சால்டர் வைத்துவிட்டீர்களா? இடையில் ஆணி எவ்வளவு தூரத்துக்கு ஒன்று?

மொட்டைமாடி ஜங்ஷன்:

ஆமாம், கரண்ட் விடாமல் போகட்டும் என்று எல்லாவற்றையும் சால்டர் வைத்தேன். ஆணி... சுவர்ப் பக்கம் கை எட்டவில்லை. 4 அடி அகலம் அல்லவா. இரண்டு முனையிலும் அடித்தேன், நடுவில் சில இடங்களில் விட்டுவிட்டேன்.

மீட்டர் கேஜ்:

அதுதான். நிக்கல் சில்வர் தண்டவாளம் 8 அடிக்கு, 15 டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.6 மிமீ நீளும். தகரக் கூரைக்கு அடியில் சென்னை மே மாதத்தில் அதற்கு மேலேயே ஏறும். அறை காய்ந்தால் மரம் தன் பங்குக்குக் கொஞ்சம் சுருங்கும். 0.6 மிமீ எல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஆனால் நீள இடமில்லாமல், அரை மீட்டருக்கு ஆணியும் இல்லாமல் இருந்தால், அந்தச் சொற்ப நீளம் பக்கவாட்டில் 1 செ.மீ. வரை வளைவாக வெளிப்படலாம். நிஜ ரயில்வேயிலும் கோடையில் இதற்காகவே தண்டவாளத்தைக் கண்காணிக்கிறார்கள்.

மூன்று அடிக்கு ஒரு இணைப்பில் சால்டரை எடுத்துவிட்டு, விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். கரண்டுக்கு ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர். இதைக் காலை 6 மணிக்குச் செய்யுங்கள். மதியம் 2 மணிக்கு இடைவெளி விட்டால் டிசம்பரில் அது பள்ளமாகிவிடும். பலகையின் அடிப்பக்கமும் வெட்டு விளிம்பும் பெயின்ட் பார்த்திருக்கிறதா? மேலே மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஈரம் குடித்துப் பலகை முறுக்கிக்கொள்ளும்.

சுவரிலிருந்து மேசையை ஒன்றரை அடி தள்ளிப் போடுங்கள். கை எட்டாத பாதை, நம்முடைய பாதையே இல்லை. சாதாரண ஆளுக்கு 30 இஞ்சுக்கு மேல் எட்டாது.

கூட்ஸ் கார்டு:

சக்கரம் போட்டால் இழுத்து வேலை பார்க்கலாமே?

மரவாடி:

நான் ஒரு தடவை போட்டேன். இழுக்கும்போது சுகம், ஓட்டும்போது எரிச்சல். பேத்தி முழங்கை வைத்தால் பெட்டி எல்லாம் ஆடும். பிரேக் உள்ள சக்கரமும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

மொட்டைமாடி ஜங்ஷன்:

மூன்று வாரம் ஆயிற்று, நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பில் தண்டவாளத்தை ரேசர் ரம்பத்தால் அறுத்து, மேசையின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகத் தூக்கினோம். மலையில் ஒரு விரிசல், பரவாயில்லை, அருவி மாதிரி வரைந்துவிட்டேன். ரீப்பர்களைக் கழற்றி நிமிர்த்தி அடித்தேன், உள்ளே 16 இஞ்சுக்கு ஒன்று குறுக்கே சேர்த்தேன். மரக்கடையில் சில்வர் ஓக் மரம் கேட்டேன், ஈரம் காயாமல் இருந்தது. அதை விட்டுவிட்டு 12 மிமீ பிளைவுட்டையே பட்டை பட்டையாக அறுத்து, இரண்டு இரண்டாக ஒட்டிக் கர்டர் செய்துகொண்டேன். நேராக நிற்கிறது.

இன்று நூல் கட்டினேன். தொய்வு 1 மிமீக்கும் கீழே. இணைப்பில் படி இல்லை. நேற்று மதியம் மூன்று மணிக்கு, நானே வேர்த்து ஊற்றிக்கொண்டு, நாற்பது சுற்று ஓட்டினேன். ஒரு பெட்டி கூடக் கழலவில்லை. பின்பக்கத்தில் ஒரே ஒரு முறை புரண்டது, அங்கே இன்னும் இரண்டு ஆணி பாக்கி. மாற்றிய பழைய கப்ளர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. வேண்டுபவர்கள் சொல்லுங்கள்.

சத்தம் மட்டும் கூடியிருக்கிறது. பலகை உடுக்கை மாதிரி அதிர்கிறது.

மரவாடி:

விறைப்பு கூடினால் சத்தமும் கொஞ்சம் கூடும். பாதைக்கு அடியில் கார்க் இருக்கிறதா? இருந்தால், ஆணி கார்க்கைத் தாண்டிப் பலகையில் இறங்கியிருக்கும், சத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. லேட்டக்ஸ் பசையில் ஒட்டிக் காய்ந்த பிறகு முன்பக்க ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். பின்பக்கத்தை இந்தக் கோடை முடியும்வரை தொடாதீர்கள்.

மொட்டைமாடி ஜங்ஷன்:

நன்றி அண்ணா. அடுத்த ஆசை ஒன்று. மேசையிலிருந்து ஒரு கிளைப்பாதையைக் கதவுக்குக் குறுக்கே எடுத்து எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்கி எடுக்கும் பாலம் மாதிரி.

மீட்டர் கேஜ்:

அப்படியானால் பாம்பனையே வையுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் செங்குத்தாக மேலே எழும் பகுதி 72.5 மீட்டர். எச்ஓவில் சுமார் 83 செ.மீ. ஒரு கதவு அகலம்! முழுப் பாலத்தையும் செய்தால் 24 மீட்டர் வரும், அதற்குப் பக்கத்து வீட்டு மாடியும் வேண்டும்.

மொட்டைமாடி ஜங்ஷன்:

அளந்துவிட்டேன். கதவு 81 செ.மீ. இருபுறமும் ஒரு செ.மீ. உட்காரும்.

மரவாடி:

ஒரு செ.மீ. போதாது, இருபுறமும் 3 இஞ்சாவது தாங்க வேண்டும். எழும் பகுதிக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக் கண்ணையும் சேர்த்து ஒரே துண்டாகச் செய்யுங்கள். அது இருக்கட்டும், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

மொட்டைமாடி ஜங்ஷன்:

உள்பக்கம். ஆசாரியைக் கூப்பிடுகிறேன்.