பைக்ல டிராக் ரேஸ் ஓட்டுனவங்க, இன்னும் மனசுல உறுத்திட்டு இருக்குற ஒரு ரன் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஞாயித்துக்கிழமை செமி ஃபைனல். ஹெட்ஸ்-அப் கிளாஸ், அதாவது ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பச்சை, முதல்ல கோட்டைத் தாண்டுறவரு ஜெயிப்பாரு. ஸ்டார்ட் லைட்டு ப்ரோ ட்ரீ, மூணு மஞ்சளும் ஒண்ணா எரிஞ்சு 0.4 செகண்ட்ல பச்சை, உங்களுக்குத் தெரியாததா. நான் முன் வீல முதல் பீம்ல வெச்சு ப்ரீ-ஸ்டேஜ் போட்டு, கையோட ரெண்டாவது பீம்ல ஸ்டேஜும் போட்டுட்டேன், பக்கத்து லேன்ல இருந்த பெரியவர் மட்டும் ப்ரீ-ஸ்டேஜ்லயே நிக்கிறாரு, உள்ள வரவே இல்ல. ஆர்பிஎம்ம புடிச்சுக்கிட்டே நிக்கிறேன், கிளட்ச்சு புடிச்ச ரெண்டு விரலும் மரத்துப்போச்சு, என் மூச்சுக்காத்தே வைசர்ல அடிச்சு கீழ்ப்பாதி பனி புடிச்ச மாதிரி ஆயிடுச்சு, மேல இருக்குற கொஞ்சூண்டு கேப்ல மஞ்சளையே பாத்துட்டிருக்கேன். அப்பதான் அவரு உள்ள வந்தாரு. அவரோட ஸ்டேஜ் பல்பு எரிஞ்சதும் என் விரல் லேசா அசைஞ்சுது, உடனே இறுக்கிப் புடிச்சேன், மஞ்சள் வந்துச்சு, விட்டேன். சிவப்பு. மைனஸ் 0.006, பச்சைக்கு முன்னாடியே கிளம்பிட்டேன், தோத்துட்டேன். வேணும்னே என்னைக் காக்க வெச்சுட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் ஆத்திரம் ஆறல.

---

ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க, டைம் லிமிட்டுக்குள்ள எப்ப ஸ்டேஜ் பண்றதுங்கிறது அவரோட உரிமை. அதுல கோவப்பட ஒண்ணுமில்ல.

என் கதை இதுக்கு நேர் எதிர். நான் ஓட்டுனது 10.21 செகண்ட், அவன் ஓட்டுனது 10.34. தோத்தது நான். பச்சை எரிஞ்சத கண்ணால பாத்த பிறகுதான் கிளட்ச்ச விட்டேன், என் ரியாக்‌ஷன் 0.310, அவனோடது 0.090. கூட்டிப் பாருங்க, எனக்கு 10.520, அவனுக்கு 10.430. முன் வீல் பீம்ம விட்டு நகர்ந்தாதான் ஈ.டி., அதாவது ஓட்ட நேரத்தோட கடிகாரம் ஓடும், லைன்ல நான் தூங்குன நேரம் அதுல சேராது, ஆனா கோட்டை யாரு முதல்ல தாண்டுறாங்கங்கிறதுல அது சேந்துடும். இது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும், ரிட்டர்ன் ரோடுல டைம் ஸ்லிப்ப வாங்கி அந்த 10.21-ஐப் பாத்துட்டு ஜெயிச்சுட்டோம்னு கைய தூக்கிட்டேன். ஸ்லிப் குடுத்தவரு ஒண்ணும் சொல்லாம கீழ இருந்த வரிய விரலால காட்டுனாரு. அந்த விரல் இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது.

---

என்னோடது சின்னதுதான். 60 அடி தாண்டுறதுக்கு முன்னாடியே முன் வீல் எந்திரிச்சிடுச்சு, பயத்துல த்ராட்டில டக்குன்னு மூடிட்டேன், வீல் தரையில அடிச்ச சத்தம் பல்லு வரைக்கும் வந்துச்சு. ஹேண்டில் ஒரு ஆட்டு ஆட்டுச்சு, விழல, அவ்ளோதான்.

ஆனா புதுசா வர்ற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வீல் எந்திரிச்சா த்ராட்டில ஒரேயடியா மூடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க, வீல் மெதுவா எறங்கும். அதுக்கு முன்னாடி எந்திரிக்காம பாத்துக்கணும். ஃபோர்க்க ஸ்ட்ராப் போட்டு முன்பக்கத்த எறக்குங்க, பின் வீல புடிச்சிருக்குற ஸ்விங்ஆர்ம நீளமாக்க உங்க கிளாஸ்ல விட்டா நீளமாக்குங்க, நெஞ்ச டேங்க் மேல போட்டு வெயிட்ட முன்னாடி குடுங்க. லான்ச் ஆர்பிஎம் ஒவ்வொரு ரன்லயும் ஒரே அளவுல இருக்கணும், ஒரு ரன் 6000 அடுத்தது 7500-ன்னு மாத்திட்டே இருந்தா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது. ஒரு ரன்னுக்கு ஒரே ஒரு விஷயத்த மாத்துங்க, நோட்டுல எழுதுங்க. ஈ.டி.ய அப்புறம் பாருங்க, முதல்ல 60 அடி டைம்மப் பாருங்க, அங்க 0.1 கொறைஞ்சா கடைசில அதவிட அதிகமாவே கொறையும். பின் டயர சுத்த விட்டு சூடாக்குற பர்ன்அவுட் முடிச்சு, அந்த சூடு ஆறுறதுக்குள்ள லைனுக்குப் போங்க. கில் ஸ்விட்ச் கயிற மணிக்கட்டுல மாட்டாம ஒரு ரன் கூட போகாதீங்க, டெஸ்ட் ரன்னா இருந்தாலும் சரி.

---

அண்ணா, நல்ல விஷயம்தான், ஆனா நம்ம டைம நாமளே முன்கூட்டி எழுதிக் குடுத்து, அதவிட வேகமா போகாம ஓட்டுற ப்ராக்கெட் கிளாஸ்ல இருக்குற எங்களுக்கு இதெல்லாம் பாதிதான். வேகமா போனாலும் தோக்கலாம்.

சனிக்கிழமை காலைல 11.04, மத்தியான வெயில்ல 11.19. சூடான காத்துல ஆக்ஸிஜன் கம்மி, இன்ஜின் பவர் கொறையும். ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் அப்படியே போச்சு, அதனால மூணாவது ரவுண்டுக்கு 11.15-ன்னு டயல்-இன் எழுதிக் குடுத்தேன். அந்த ரவுண்டு லேட்டாகி லேட்டாகி சாயங்காலம் ஆயிடுச்சு. ஸ்டேஜிங் லேன்ல ஹெல்மெட் மாட்டப் போறப்ப கழுத்துல சில்லுனு காத்து பட்டுச்சு. அப்பவே உள்ளுக்குள்ள தெரிஞ்சுடுச்சு. வின்ட்ஸ்க்ரீன்ல வெள்ளை மார்க்கர்ல எழுதுன அந்த 5-ஐ விரலால தேய்க்கக்கூட ஆரம்பிச்சேன், பாதி அழிஞ்சுது. முன்னாடி இருந்த பைக் நகர்ந்துச்சு, எனக்குப் பின்னாடி வரிசை நிக்குது, மாத்தாமலே போயிட்டேன். 11.08. ப்ரேக்அவுட், எழுதிக் குடுத்தத விட வேகமா போயிட்டேன். எதிர்ல ஓட்டுனவரு டயல்-இன்னுக்கு மேலயே நின்னுட்டாரு, அவரு ஜெயிச்சாரு. அந்த பாதி அழிஞ்ச 5-ஓட தான் பைக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ரொம்ப நாள் தொடைக்கல.

வெயிட் கம்மி, அதான் பொண்ணுங்க ஈஸியா ஓட்டுறாங்கன்னு பிட்ல ஒருத்தர் சொன்னதுக்கும் சேத்து இங்க சொல்லிடறேன். அமெரிக்காவுல ஆஞ்செல் சாம்ப்பேங்கிற பொண்ணு 2000, 2001, 2002-ன்னு வரிசையா மூணு வருஷம் ப்ரோ ஸ்டாக் மோட்டார்சைக்கிள் சாம்பியன். அந்த கிளாஸ்ல ஓட்டுறவரையும் சேத்துதான் மினிமம் வெயிட் பாப்பாங்க.

---

முதல் போஸ்ட் போட்ட தம்பிக்கு. அவரு காக்க வெச்சதால நீங்க தோக்கலன்னு நெனைக்கிறேன். விரல் லேசா அசைஞ்சுதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க. கிளட்ச் அந்தளவு கடிச்சாலே போதும், பைக் ஊர்ந்து டீப் ஸ்டேஜ் ஆயிருக்கும், அதாவது டயர் ப்ரீ-ஸ்டேஜ் பீம்மத் தாண்டி அந்த பல்பு அணைஞ்சிருக்கும். ரெண்டு பீமுக்கும் நடுவுல 7 இன்ச்தான். டயர் அவ்ளோ முன்னாடி போயிட்டா ஸ்டேஜ் பீம்ம விட்டு வெளிய வர தூரம் கம்மி, அதே ரியாக்‌ஷனுக்கு சிவப்பு விழும். வீடியோ இருந்தா உங்க லேன் ப்ரீ-ஸ்டேஜ் பல்ப மட்டும் பாருங்க.

---

அண்ணா, இப்பதான் பாத்தேன். ஃப்ரெண்ட் பின்னாடி நின்னு எடுத்த வீடியோ, பத்து தடவைக்கு மேல ஓட்டிப் பாத்தேன். அவரோட ஸ்டேஜ் பல்பு எரியுது, உடனே என் பக்கம் ப்ரீ-ஸ்டேஜ் பல்பு அணையுது, அப்புறம்தான் மஞ்சள் வருது. ரன் முடிஞ்சு ரிட்டர்ன் ரோடுல அவரு க்ளவுஸக் கழட்டி கைய நீட்டுனாரு, நான் கண்டுக்காம தள்ளிட்டுப் போயிட்டேன். அடுத்த மாசம் ஈவென்ட்டுக்கு அவரும் வர்றாருன்னு கேள்விப்பட்டேன், பிட்ல போய்ப் பாத்துப் பேசணும்.