பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைப்பது: சென்னைப் பள்ளி ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

பெரம்பூர், ஆறாம் வகுப்பு ஆசிரியை:

பொறுப்பைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அதோடு சரி. வேலையைக் கொடுக்க வேண்டும். செய்யாமல் விட்டால் இரண்டே நாளில் கண்ணுக்குத் தெரிகிற வேலையாக அது இருக்கட்டும். "வகுப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் நகர மாட்டார்கள். "சாப்பாட்டுக்குப் பிறகு கைகழுவும் தொட்டியில் சோறு அடைக்காமல் பார்ப்பது இந்த வாரம் நீயும் அவளும்" என்றால் நடக்கும்.

இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். ஐந்து பேர் குழு என்றால் இருவர் செய்வார்கள், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை ஆள் மாறும்போது, பழைய ஜோடி புதிய ஜோடிக்கு நேரில் காட்டிக்கொடுக்கட்டும்: துடைப்பம் எங்கே, வடிகட்டி எங்கே, எந்தக் குழாய் இறுக மூடாது என்பது வரைக்கும். அந்த ஐந்து நிமிடத்தை மணி அடித்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகப் பெருக்கும் வேலை கொடுக்கவே கூடாது. மறுநாளிலிருந்து பெருக்குகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தண்டனையாகிவிடும். பெண் பிள்ளைகளுக்குத் துடைப்பம், பையன்களுக்கு பெஞ்சு தூக்குவது என்று பிரிப்பதும் தப்பு. கழிவறை கழுவ எந்தப் பிள்ளையையும் விடக்கூடாது.

திருவான்மியூர், சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்:

டீச்சர் சொன்னது மரக்கன்றுக்கும் பொருந்தும். சுற்றுச்சூழல் தினமென்று ஜூன் 5 அன்று நட்டு போட்டோ எடுத்துக்கொள்வதால் பிள்ளைகள் பார்ப்பது செடி சாவதைத்தான். கத்திரி முடிந்தாலும் சென்னையில் ஜூன் வெயில் குறைவதில்லை. நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. செப்டம்பரில் 2 அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து ஆறப்போடுங்கள். மேல்மண்ணைத் தனியாக வைத்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, நல்ல மழை ஒன்று பெய்ததும் நடுங்கள்.

கன்று சாவது பெரும்பாலும் பையைப் பிரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் தண்டைப் பிடித்து இழுப்பார்கள், வேர்மண் உதிர்ந்துவிடும். பையைப் படுக்கவைத்து, பெரியவர் ஒருவர் பிளேடால் பக்கவாட்டில் கீறி, மண்கட்டியோடு இரு கையில் ஏந்தி இறக்க வேண்டும். அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை மட்டும் வெட்டிவிடலாம்.

புங்கை, பூவரசு, வேம்பு, மகிழம் எல்லாம் நம் ஊருக்கு ஏற்றவை. 2016 வர்தா புயலில் மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் எத்தனை விழுந்தன என்பது நினைவிருக்கும்.

ஏப்ரல், மே விடுமுறைக்கு 5 லிட்டர் மண்பானை உதவும். அடியில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை போட்டு, பருத்தித் துணித் திரி செருகி, தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்து வரை புதையுங்கள். கடற்கரைப் பக்க மணலில் சீக்கிரம் வற்றும், களிமண்ணில் நின்று கசியும். பானையில் தண்ணீர் நிரப்ப, பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் பெயரைக் கிழமை போட்டு எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள்.

வேளச்சேரி, அறிவியல் ஆசிரியர்:

சார், பானை வாயை மூடிவைக்கச் சொல்லுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இதையே வாராந்திர வேலையாக்கலாம். பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் சொட்டும் டப்பா, ஸ்டாஃப் ரூம் ஃபிரிட்ஜின் பின்தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர் என்று ஒரு ஜோடி பத்து நிமிடம் சுற்றிவரட்டும். மொட்டைமாடியும் சம்ப் மூடியும் பெரியவர்கள் வேலை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்க்க வேண்டும்.

கொட்டுவதற்கு முன் கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்துக் காட்டுங்கள். புழுக்கள் வாலை மேற்பரப்பில் ஒட்டித் தலைகீழாகத் தொங்கும், டம்ளரைத் தட்டினால் நெளிந்து அடிக்குப் போகும். பார்த்த பிறகு காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், சாக்கடையில் வேண்டாம். இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. நம் தட்டில் பிறந்தது பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் கடிக்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது.

பெரம்பூர், ஆறாம் வகுப்பு ஆசிரியை:

வேலையைச் செய்யாமல் விட்ட பிள்ளையிடம் எல்லார் முன்னாலும் ஏன் என்று கேட்காதீர்கள். செடி வாடியிருந்தால் தனியாகக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, எப்படித் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேளுங்கள். பல நேரம் காரணம் 10 லிட்டர் வாளியாக இருக்கும், அந்தப் பிள்ளையால் தூக்கவே முடியாது. 2 லிட்டர் பாட்டில்கள் இரண்டைக் கொடுத்துப் பாருங்கள். அவசரப்பட்டு வேறு யாரையும் செடிக்கு ஊற்றச் சொல்லாதீர்கள். ஒரு நாள் வாடிய செடியை அந்தப் பிள்ளையே தேற்றட்டும்.