பழைய கேம்பர் வேன்: முன் சஸ்பென்ஷன் புஷ் மாற்றியும் 'டொக்' சத்தம் போகவில்லை, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

நாலுசக்கரவீடு:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் டி3, 1986 மாடல். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போட்ட கேம்பர். வருஷத்தில் பாதி நாள் நின்றபடியேதான் இருக்கும். பிரச்சினை முன்பக்கத்தில். மேடு பள்ளத்தில் மெதுவாக இறங்கும்போது 'டொக்' என்று ஒரு அடி. பிரேக் பிடித்தால் அதே சத்தம், கூடவே இடது பக்கம் லேசான இழுவை. வேகத்தில் போகும்போது ஸ்டியரிங் ஒரு இடத்தில் நிற்பதில்லை, கையால் சதா திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது.

போன வருஷம்தான் ஒரு பட்டறையில் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார்கள். சில மாதம் நன்றாக இருந்தது. இப்போது பழைய கதையே. புஷ் தரமில்லாததா, இல்லை வேறு எங்காவது தேய்மானமா? இந்த முறை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் உண்டு. புஷ்ஷை அழுத்தி ஏற்றும் பிரஸ் கிடையாது.

கிரீஸ்கை:
தம்பி, புஷ் வாங்குறதுக்கு முன்னாடி எது ஆடுதுன்னு கண்டுபிடிங்க. முன்பக்கத்துல எது தேஞ்சாலும் சத்தம் ஒண்ணுபோலத்தான் கேட்கும்.

சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும், அதாவது கடிகாரத்துல 12, 6 இருக்கிற இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா இன்னொருத்தரை பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்கலைன்னா பால் ஜாயின்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற குண்டு மூட்டு) அல்லது புஷ். 3, 9 இடத்துல மட்டும் ஆடினா டை ராட், அதாவது ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற ராடு பக்கம் பாருங்க. அப்புறம் ஒரு நீள லெவரை ஆர்முக்கும் சேஸிக்கும் (வண்டியோட அடிச்சட்டம்) நடுவுல விட்டு நெம்புங்க. நல்ல புஷ் கொஞ்சம் இணங்கும், விட்டதும் பழைய இடத்துக்கு வந்துடும். கெட்டது டக்குனு தாவும், உலோகத்துல உலோகம் இடிக்கும்.

பிரேக் பிடிக்கும்போது சத்தமும் இழுவையும் சேர்ந்து வருதுன்னு சொல்றீங்க பாருங்க, எனக்கு ரேடியஸ் ராட் மேலதான் சந்தேகம். உங்க வண்டியில லோயர் ஆர்ம் ஒத்தைக் கால் மாதிரி, பக்கவாட்டு விசையை மட்டும்தான் அது தாங்கும். பிரேக் பிடிச்சா சக்கரம் பின்னால போகப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்துறது, ஆர்மிலிருந்து நீளவாக்குல சேஸிக்குப் போற அந்த ராடு. அதோட முனையில ரெண்டு ரப்பர் புஷ், வாஷர், நட்டு இருக்கும். அந்த ரப்பர் செத்துப்போச்சுன்னா ஒவ்வொரு பிரேக்குக்கும் அந்தச் சக்கரம் பின்வாங்கும். கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்புற அச்சு முன்னும் பின்னும் சாயுற கோணம், மாறும், வண்டி ஒரு பக்கம் சாயும். ஒருத்தரை வண்டியை லேசா முன்னும் பின்னும் உருட்டி பிரேக் பிடிக்கச் சொல்லிட்டு, பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அடியில படுக்காதீங்க, உருளுற வண்டி.

நாலுசக்கரவீடு:
பார்த்துவிட்டேன் அண்ணா. ராடு இடது பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் போய்வருகிறது. ரப்பர் வாஷருக்கு வெளியே பிதுங்கி வெடித்திருக்கிறது. பால் ஜாயின்ட்டில் ஆட்டமில்லை. ஆனால் போன வருஷம் போட்ட லோயர் ஆர்ம் புஷ்ஷும் கிழிந்துவிட்டது. நடுவில் இருக்க வேண்டிய உள் ஸ்லீவ் ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கம் பிறை மாதிரி இடைவெளி. இவ்வளவு சீக்கிரம் எப்படி?

மூன்றாம்கியர்:
சரக்கு மட்டமாக இருக்கலாம். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கிவிடுவார்கள்.

இந்த புஷ் பேரிங் போலச் சுழலும் சாமான் அல்ல. வெளியே ஒரு இரும்பு உறை, உள்ளே ஒரு ஸ்லீவ், இரண்டுக்கும் நடுவே ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் ஸ்லீவ் பிராக்கெட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. ஓட்டத்தின்போது வண்டி எந்த உயரத்தில் நிற்குமோ, அந்த உயரத்தில் முறுக்கு பூஜ்யமாக இருக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கிய அந்த நொடியே ரப்பர் முறுக்கேறி நிற்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அப்படியே. உங்களுடையது மாதக்கணக்கில் நிற்கும் வண்டி வேறு. ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஏற்கெனவே இழுபட்ட ரப்பர் இன்னும் இழுபடும், பிறகு கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சமதரையில் நிறுத்தி, ஹப்பின் மையத்திலிருந்து மேலே வீல் ஆர்ச் விளிம்பு வரை டேப்பால் அளந்து இரண்டு பக்கமும் எழுதிவையுங்கள். வழக்கமாக நீங்கள் சுமக்கும் பாரத்தோடு அளக்க வேண்டும்: தண்ணீர், கேஸ் சிலிண்டர், சாமான். எல்லாம் மாட்டிய பின் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை ஏற்றி, அப்போது இறுக்குங்கள். வண்டி ஸ்டாண்டில் இருப்பதால் அந்த அளவு வருவதற்குள் உடல் ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கலாம். அப்படியானால் நிறுத்திவிட்டு, சக்கரங்களை மாட்டி, ராம்ப்பில் ஏற்றி, வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்குவதுதான் முறை. அளக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யுரித்தேன்பிரியர்:
ரப்பரே வேண்டாம் நண்பரே. பாலியுரித்தேன் போட்டுவிட்டால் இந்த உயரக் கணக்கே கிடையாது. அதில் ஸ்லீவ் உள்ளே சுழலும், முறுக்கேறாது. கையாலேயே மாட்டிவிடலாம், பிரஸ் தேவையில்லை. நான் போட்டிருக்கிறேன், ஸ்டியரிங் கத்தி மாதிரி.

கிரீஸ்கை:
லோயர் ஆர்முக்குச் சரி, ஸ்டேபிலைசர் பாருக்கும் (வளைவுல வண்டி சாயாம தடுக்கிற கம்பி) சரி. ஆனா அதோட கூடவே கொடுக்கிற சிலிக்கோன் கிரீஸை நல்லா பூசணும், இல்லைன்னா கொஞ்ச நாள்ல கீச் கீச். ரேடியஸ் ராடுல கெட்டியானதைப் போடுறது எனக்குப் பிடிக்காது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ராடு கோணம் மாறணும். ரப்பர் விட்டுக்கொடுக்கும். புஷ் விட்டுக்கொடுக்கலைன்னா வளையுறது ராடுதான், அதுவும் மரை வெட்டின மெல்லிய இடத்துல. இது வீடு மாதிரி சாமான் அடுக்கின வண்டி, ரேஸுக்குப் போறதில்ல. ரோட்டு அதிர்வு முழுக்க அலமாரிக்கு வந்தா சமையல் பாத்திரமெல்லாம் பேச ஆரம்பிச்சுடும்.

யுரித்தேன்பிரியர்:
ராடு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். நானும் அங்கே ரப்பர்தான் வைத்திருக்கிறேன்.

நாலுசக்கரவீடு:
எல்லா இடத்திலும் ரப்பரே போடுகிறேன். இடது பக்கம் இன்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டது. லோயர் ஆர்ம் போல்ட் வெளியே வரவில்லை. நட்டு கழன்றுவிட்டது, போல்ட் சுற்றுகிறது, ஆனால் அதோடு ஸ்லீவும் சேர்ந்து சுற்றுகிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

கிரீஸ்கை:
அடிச்சா போல்ட் முனை காளான் மாதிரி விரியும், அப்புறம் எந்தப் பக்கமும் வராது. துரு ரெண்டையும் ஒட்டிவச்சிருக்கு. துரு இளக்குற ஆயிலை அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில நட்டை முனையோட சமமா வர்ற அளவு மாட்டிக்கிட்டு, அது மேல தட்டிப் பாருங்க, மரை கெடாது. அதுக்கும் மசியலைன்னா ஸ்லீவுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல ஹேக்ஸா பிளேடை விட்டு ரெண்டு பக்கமும் போல்ட்டை அறுத்துடுங்க. எப்படியும் புது போல்ட், புது லாக் நட்டுதான் போடணும். லாக் நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

பிளோ டார்ச் வச்சு ரப்பரை எரிக்கச் சொல்லி யாராவது சொல்வாங்க. வேணாம். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, மேல பெட்ரோல் டாங்க் இருக்கு, கேஸ் லைன் இருக்கு. ஆர்மைக் கழட்டி வைஸ்ல பிடிச்சு, ரப்பரைச் சுத்தித் துளை போட்டா உள் ஸ்லீவ் தானா வந்துடும். மீதி இருக்கிற இரும்பு உறைக்குள்ள பிளேடை மாட்டி ஒரு கோடு அறுங்க. உறை விட்டதும் நிறுத்தணும், ஆர்ம்ல கீறல் விழக் கூடாது. அப்புறம் உளியால மடக்கித் தட்டினா வந்துடும்.

மூன்றாம்கியர்:
கழற்றும் முன் இன்னும் இரண்டு விஷயம். ஆர்மை விடுவிப்பதற்கு முன் ஸ்பிரிங்கை கம்ப்ரஸரால் கட்டியாக வேண்டும், ஆர்முக்கு அடியில் ஜாக்கியும் முட்டாக இருக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் கை போகும். வண்டியின் எடை எப்போதும் ஸ்டாண்டில் நிற்கட்டும், பின்சக்கரங்களுக்குக் கட்டை.

அடுத்து, ரேடியஸ் ராடின் நட்டுதான் கேஸ்டரைத் தீர்மானிக்கிறது. கழற்றும் முன் நட்டுக்கு வெளியே எவ்வளவு மரை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, வாஷர்களின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஆர்ம் போல்ட்டில் இருக்கும் எக்ஸென்ட்ரிக் (மையம் விலகிய பகுதி)தான் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, தீர்மானிக்கிறது. அதைத் தொடுவதாக இருந்தால் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். அலைன்மென்ட்டுக்கு இதெல்லாம் மாற்று இல்லை, அங்கே வரை ஒழுங்காக ஓட்டிப் போகத்தான்.

புது புஷ் ஏற்ற பிரஸ் இல்லாவிட்டால் தடித்த மரை ராடு ஒன்று, இரண்டு நட்டு, தடித்த வாஷர், சரியான அளவில் இரண்டு குழாய்த் துண்டு போதும். ஒரு குழாய் புஷ்ஷின் வெளி உறையை மட்டும் தள்ள வேண்டும், இன்னொன்று ஆர்மைத் தாங்க வேண்டும். ஸ்லீவைத் தள்ளினால் ரப்பர் ஒட்டு விட்டுப்போகும். துளையை எமரி பேப்பரால் துடைத்து, புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சுலபமாக இறங்கும். வழுக்கலுக்கு சோப்புத் தண்ணீர். ஆயிலும் கிரீஸும் ரப்பரை ஊதவைக்கும்.

நாலுசக்கரவீடு:
முடிந்தது. இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் புஷ், ரேடியஸ் ராட் புஷ் எல்லாம் புதிது. போல்ட்டை அறுத்துத்தான் எடுத்தேன். ஜாக்கி முறையில் உயரம் வரவில்லை, ஸ்டாண்டை விட்டு வண்டி எழும்பப் பார்த்தது. அதனால் ராம்ப்பில் ஏற்றி இறுக்கினேன். அலைன்மென்ட் பார்த்ததில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) வெகுவாக விலகியிருந்தது, இடது கேஸ்டரும் சரி செய்தார்கள். 'டொக்' போய்விட்டது. பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறது, ஸ்டியரிங்கும் அலைவதில்லை.

ஒன்றே ஒன்று. வளைவில் மெதுவாகத் திரும்பும்போது மட்டும் ஒரு முனகல். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வராது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தால்தான் வருகிறது.

கிரீஸ்கை:
ஸ்டேபிலைசர் பார் புஷ். வண்டி சாயும்போது பார் முறுக்கிக்கிட்டு, காஞ்ச ரப்பருக்குள்ள உரசுது. தண்ணி தெளிச்சுப் பாருங்க, கொஞ்ச நேரம் சத்தம் நின்னா அதேதான். கிளாம்பைக் கழட்டி புது ரப்பர் போட்டுக்கலாம், இதுக்கு ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. அப்படியே கொஞ்ச தூரம் ஓடினப்புறம் ரேடியஸ் ராட் நட்டையும் ஆர்ம் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்ல ஒரு தடவை சரிபாருங்க, சக்கரம் தரையில இருக்கும்போதே.