திரையில் 1.000 என்றே இருந்தது: பம்ப், வால்வு, பிரஷர் அனுபவங்கள்

ரூபிப்பந்து

ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, இங்கே இறக்கி வைக்கிறேன். எச்பிஎல்சி (கலவையைத் திரவ ஓட்டத்தில் தள்ளிப் பொருள்களைப் பிரிக்கும் கருவி), ரிவர்ஸ் ஃபேஸ் முறை. அசிட்டோநைட்ரைல் ஒரு பாட்டில், தண்ணீர் ஒரு பாட்டில், கலப்பது பம்பின் வேலை. எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடுதான். ரிடென்ஷன் டைம், அதாவது பொருள் வெளியே வர எடுக்கும் நேரம், ஒவ்வொரு இன்ஜெக்‌ஷனுக்கும் தள்ளிக்கொண்டே போனது. பிரிகைக்குழாயை (துகள் நிரப்பிய, பிரிப்பு நடக்கும் குழாய்) மாற்றிப் பார்த்தார்கள், மொபைல் ஃபேஸை (ஓடும் கரைப்பான்) புதிதாகப் போட்டார்கள். கடைசியில் கரைசல் தயாரித்த பெண்ணின் மேல் பழி விழுந்தது. "பம்ப் நிமிடத்துக்கு 1.000 மிலி ஓட்டம் காட்டுகிறதே, அப்புறம் தப்பு வேறு எங்கே இருக்கும்?" என்று கேட்டார் மேலாளர். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, பதில் பேசவில்லை.

நான் பிரஷர் கோட்டைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். 150 பாரில் நேராக ஓட வேண்டிய கோடு ரம்பப் பல்லாக இருந்தது. பிஸ்டன் ஒரு முறை தள்ளினால் ஏற்றம், அடுத்த தடவை சரிவு. அசிட்டோநைட்ரைல் பக்கத்து உள்வரும் செக் வால்வை (திரவத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) ஸ்பேனரின் கைப்பிடியால் மெதுவாக ஒரு தட்டு தட்டினேன். பல் எல்லாம் மறைந்து கோடு நேரானது. அறையில் இருந்த எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வால்வுக்குள் இருப்பது ரூபிப் பந்து, அது உட்காரும் இடம் சஃபையர். இரண்டுமே அலுமினியம் ஆக்சைடு. சுத்தமான அசிட்டோநைட்ரைல் நாளடைவில் அங்கே பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். பந்து ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறக்கும், சில சமயம் திறக்கவே திறக்காது. பிஸ்டன் தன் வேலையை முழுதாகச் செய்துவிடும்; ஆனால் திரவம் உள்ளே வந்திருக்காது.

அந்த 1.000 தான் இன்னும் உறுத்துகிறது. சாதாரண எச்பிஎல்சி பம்ப் ஓட்டத்தை அளப்பதே இல்லை. பிஸ்டன் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டு மோட்டாரைச் சுற்றுகிறது, நாம் கேட்ட எண்ணையே நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. அந்தப் பம்பில் நிஜமாக எதையாவது அளந்துகொண்டிருந்த ஒரே உறுப்பு பிரஷர் சென்சார். அதை யாரும் பார்க்கவில்லை. ஒரு மனுஷியைக் குற்றம் சொல்ல, அளக்கப்படாத ஓர் எண் போதுமானதாக இருந்தது.

சீல்கிட்

தட்டியது எனக்குப் பிடிக்கவில்லை, நண்பரே. நானும் ஒருவர் அப்படித் தட்டுவதைப் பார்த்தேன். பிறகு அந்த வால்வைக் கழற்றியபோது சஃபையர் இருக்கையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். தட்டலால் வந்ததா, முன்பே இருந்ததா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்த விரிசல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

இனி இதைப் படிப்பவர்களுக்காக: வால்வைக் கழற்றி ஐசோப்ரொப்பனாலில் போட்டு சோனிகேட்டரில் (ஒலியலையால் சுத்தம் செய்யும் தொட்டி) வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். மெத்தட் இடம் கொடுத்தால், அசிட்டோநைட்ரைல் பாட்டிலிலேயே 5 முதல் 10 சதவீதம் தண்ணீர் கலந்து வையுங்கள், ஒட்டுவது வெகுவாகக் குறையும். இல்லையென்றால் செராமிக் பந்து உள்ள வால்வுக்கு மாறுங்கள்.

ஓட்டத்தைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். தண்ணீரை நிமிடத்துக்கு 1 மிலி என ஓட்டி, 10 நிமிடம் பிடித்து எடை போடுங்கள். 25 டிகிரியில் 9.97 கிராம் வர வேண்டும். இதைப் பிரிகைக்குழாய் மாட்டிய நிலையில் செய்யுங்கள். எதிர்ப்பு இல்லாமல் திறந்த முனையில் பிடித்தால் கசியும் வால்வு கூட நல்ல பிள்ளையாக இருக்கும். 200 பார் ஏறியதும் பின்பக்கமாக விட ஆரம்பிக்கும். ஒவ்வொரு சேனலையும் (ஒவ்வொரு கரைப்பான் வரும் வழி) தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

அழுங்குதன்மை செட்டிங்கையும் பாருங்கள். திரவம் அழுங்காது என்று பள்ளியில் படித்ததை மறந்துவிடுங்கள். 400 பாரில் தண்ணீரே 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும், அசிட்டோநைட்ரைல் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பிஸ்டன் தன் நகர்வின் முதல் பகுதியைத் திரவத்தைச் சுருக்கவே செலவிடுகிறது, அதற்கப்புறம்தான் வெளியேறும் வால்வு திறக்கும். பம்ப் இதை ஈடுகட்ட வேண்டுமானால் உள்ளே என்ன திரவம் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். சீல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கேரியர் கேஸ்

ரூபிப்பந்து சொன்னது ஜிசியிலும் (திரவத்துக்குப் பதில் வாயுவை ஓட்டிப் பிரிக்கும் கருவி) அப்படியே நடக்கும். எலக்ட்ரானிக் பிரஷர் கன்ட்ரோல் வந்த பிறகு எல்லாரும் திரையில் தெரியும் ஃப்ளோவை நம்புகிறோம். பெரும்பாலான ஜிசிக்களில் கேப்பில்லரிக்குள் (மெல்லிய பிரிகைக்குழாய்) ஓடும் வாயுவை யாரும் அளப்பதில்லை. நீளம், உள்விட்டம், வெப்பநிலை, வாயுவின் பாகுத்தன்மை ஆகியவற்றை வைத்து எவ்வளவு பிரஷர் கொடுத்தால் அந்த ஓட்டம் வரும் என்று கணக்கிட்டு, அந்தப் பிரஷரைப் பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் கருவியில் மாட்டியிருந்த குழாயின் உள்விட்டம் 0.25 மிமீ. முந்தைய ஷிஃப்டில் இருந்து வந்த செட்டிங்கில் 0.32 என்று இருந்தது. பீக் (பொருள் வெளிவரும்போது பதிவில் எழும் மேடு) எல்லாம் தாமதம், ஆனால் திரையில் ஓட்டம் மிகச் சரி. டிடெக்டரை அணைத்துவிட்டு முனையில் சோப்புக்குமிழி மீட்டரைச் செருகினேன். கண்ணாடிக் குழாயில் அந்தக் குமிழி ஏறிய வேகம் இருக்கிறதே, நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு மாறும். 0.32ஐ 0.25ஆல் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 2.68. திரையில் காட்டிய ஓட்டத்தில் பாதிக்கும் குறைவுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இதனால் எலக்ட்ரானிக் பிரஷர் கன்ட்ரோலை மட்டமாக நினைக்காதீர்கள். குழாய் இருக்கும் ஓவன் சூடாக ஆக வாயுவின் பாகுத்தன்மை ஏறும். பழைய ரெகுலேட்டரில் பிரஷர் மாறாது, அதனால் சூட்டைப் படிப்படியாக ஏற்றும் புரோகிராமின் கடைசிப் பகுதியில் ஓட்டம் இளைத்துவிடும். இப்போது கருவியே வெப்பநிலையோடு சேர்த்துப் பிரஷரை ஏற்றிக்கொண்டு போகிறது.

பிரஷரை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று, சாம்பிளை ஒரு வழியில் இருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் டீன்ஸ் ஸ்விட்ச். 1968ல் டேவிட் டீன்ஸ் கொண்டுவந்த யோசனை. சாம்பிள் போகும் வழியில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடுவது) ஓவனுக்கு வெளியே குளிர்ச்சியாக இருக்கும். அது துணை வாயுவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விடும். எந்தப் பக்கம் பிரஷர் கூடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாம்பிள் திரும்பிவிடும். வெளியே "டிக்" என்று ஒரு சத்தம், ஒரு டிடெக்டரில் பாதி ஏறிய பீக் அறுபட்டு மற்றதில் முளைக்கும். முதல் தடவை பார்த்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

பழைய பம்ப்

தம்பிகளே, பம்ப் ஓட்டத்தை அளப்பதில்லை என்பதை நீங்கள் ஒரு குறையாகப் பேசுகிறீர்கள். நான் கற்றுக்கொண்ட காலத்தில் வாயு அழுத்தப் பெருக்கிப் பம்ப் இருந்தது. பெரிய பிஸ்டனை வாயு தள்ளும், அது சின்னப் பிஸ்டனைத் தள்ளும், பரப்பின் விகிதத்துக்கு அழுத்தம் பெருகும். அழுத்தம் மாறாது, துடிப்பே இருக்காது, ஆனால் ஓட்டம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அளவுச் சிலிண்டரில் பிடித்துத்தான் பார்ப்போம். குழாயில் மண்டி அடைத்தால் ஓட்டம் சத்தமில்லாமல் குறையும். பிரிகைக்குழாயில் துகள் நிரப்ப இன்றும் அதைவிட நல்ல பம்ப் கிடையாது.

ஓட்டம் மாறாமல் தரும் பம்பைச் செய்ய எவ்வளவு மூளை செலவானது என்பதை நான் ஒரு பழைய இரட்டைப் பிஸ்டன் பம்பின் மூடியைத் திறந்த அன்றுதான் கண்டேன். உள்ளே பற்சக்கரங்கள் வட்டமாக இல்லை! ஒரு பிஸ்டன் திரும்பும் நேரத்தில் மற்றது ஈடுகட்டுவதற்காகவே சக்கரத்தை அப்படி வார்த்திருக்கிறார்கள். கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். ஒன்று வேகமெடுக்கும்போது மற்றது தயங்கியது. மென்பொருள் இல்லாத நாட்களில் கணக்கை இரும்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. பிரிப்பு முறை ஆய்வாளர்கள் மார்ட்டினும் சிங்கும் 1941ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே மிகச் சிறிய துகளும் அதிக அழுத்த வேறுபாடும் இருந்தால் பிரிப்பு மிக நன்றாக வரும் என்று எழுதிவிட்டார்கள். 1952ல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கி, துடிப்பில்லாமல் தள்ளும் பம்புக்கு 1960களும் 70களும் வர வேண்டியிருந்தது. 2004ல் வாட்டர்ஸ் நிறுவனம் 15,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, 41ல் எழுதியது கடைசியில் நடந்துவிட்டதே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கேரியர் கேஸ் தம்பி, உங்கள் குமிழி மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உறைபனி

எஸ்எஃப்சி (அழுத்திய கார்பன் டை ஆக்சைடைக் கரைப்பானாக ஓட்டிப் பிரிக்கும் முறை) பக்கம் யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன். உங்களுக்கெல்லாம் பிரஷர் என்பது நலம் விசாரிக்கும் ஒரு எண். எங்களுக்குக் கரைப்பானின் பலமே அதுதான். கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி, 73.8 பாருக்கு மேலே போனால் மீமாறுநிலை, திரவம் என்றும் வாயு என்றும் பிரித்துச் சொல்ல முடியாத நிலை. அங்கே பிரஷரை ஏற்றினால் அடர்த்தி ஏறும், பொருள்கள் சீக்கிரம் வெளியே வரும்.

அதைப் பிடித்து வைப்பது டிடெக்டருக்குப் பின்னால் இருக்கும் பேக் பிரஷர் ரெகுலேட்டர். ஒரு நாள் அதன் ஹீட்டர் போய்விட்டது, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 150 பாரில் நிற்க வேண்டியது 158, 171 என்று ஏறியது. வெளியேறும் டியூப் முழுக்க வெள்ளைப் பனி. கையை நீட்டப் போனேன், அதற்குள் "டப்" என்று உள்ளே அடைத்திருந்த உலர்பனி வெடித்து வெளியேறியது. பிரஷர் தடாலென்று கீழே. திரும்பவும் ஏற ஆரம்பித்தது. அந்த ஓட்டத்தில் பீக்குகள் ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் (கைரல்) பீக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

150 பாரில் இருந்து வளிமண்டலத்துக்கு ஒரே தாவலில் விரிந்தால் அது குளிராமல் என்ன செய்யும்? அதனால்தான் அந்த வால்வைச் சூடாகவே வைக்கிறார்கள். ஊசியை நொடிக்குப் பல முறை திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தை மாற்றிப் பிரஷரைப் பிடிக்கும் வகை இருக்கிறதே, அதை யோசித்தவருக்கு நான் கடன்பட்டவன். உள்ளே தேங்கும் கொள்ளளவு மிகக் குறைவு, பிரிந்த பீக்குகள் வெளியே வரும் வழியில் மறுபடி கலப்பதில்லை.

பேஸ்லைன்

ரூபிப்பந்து அண்ணா, பிரஷர்தான் நிஜமாக அளந்தது என்றீர்கள், சரி. ஆனால் அதையும் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். மெத்தனால் கிரேடியன்ட் (தண்ணீரோடு அதன் விகிதத்தைப் படிப்படியாக மாற்றும் ஓட்டம்) ஒன்று தினமும் நடுவழியில் பிரஷர் எல்லையைத் தொட்டு நின்றது. "குழாய் அடைத்துவிட்டது" என்று எங்கள் குழுத் தலைவர் தீர்ப்புச் சொல்லி, அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். நான் எடுத்து மாட்டி அசிட்டோநைட்ரைல் கலவை ஓட்டினேன். பிரஷர் புதுக் குழாயின் சான்றிதழில் இருப்பது போலவே வந்தது. மெத்தனாலும் தண்ணீரும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலக்கும்போது பாகுத்தன்மை இரண்டையும் விட அதிகம். மலை போல ஏறி இறங்குவது அதன் இயல்பு. எல்லையை அதற்கேற்ப வைக்க வேண்டும், அல்லது குழாய் இருக்கும் ஓவனின் சூட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். நல்ல குழாய் அது.

புரோட்டீன் பக்கம்

புரோட்டீன் பிரிக்க எங்கள் குழாயில் நிரப்பும் அகரோஸ் மணிகள் உங்கள் சிலிக்கா துகள் மாதிரி இல்லை, மென்மையானவை. அதிகம் தள்ளினால் நசுங்கும், நசுங்கினால் பிரஷர் இன்னும் ஏறும், இன்னும் நசுங்கும். அதோடு நாங்கள் 4 டிகிரி குளிர் அறையில் ஓட்டுகிறோம். தண்ணீரின் பாகுத்தன்மை 20 டிகிரியில் 1.0 என்றால் அங்கே 1.57. அறையை மாற்றினாலே பிரஷர் ஒன்றரை மடங்கு.

இரவில் ஓட விட்டிருந்த சாம்பிள், திரும்பச் செய்ய முடியாதது. பாதியில் புரோட்டீன் படிந்து குழாயின் மேல் வடிகட்டியை அடைக்க ஆரம்பித்திருக்கிறது. காலையில் பதிவைப் பார்த்தேன். பிரஷர் கோடு எல்லைக்குக் கீழே நேராக ஓடுகிறது, ஓட்டத்தின் கோடு 0.5ல் இருந்து படிப்படியாக இறங்கி 0.2க்கு வந்திருக்கிறது. எல்லையைத் தொட்டதும் பம்பை நிறுத்திவிடாமல், கன்ட்ரோலர் ஓட்டத்தைக் குறைத்துக் குறைத்துச் சாம்பிளை முழுதும் வெளியே கொண்டுவந்துவிட்டது. பீக் அகலமாகத்தான் இருந்தது. இருந்தது என்பதே பெரிது.

ஆனால் எந்தப் பிரஷர் என்று கேளுங்கள். பம்புக்குப் பக்கத்தில் அளப்பதில் டியூப், வால்வு, குமிழி வராமல் இருக்க யுவி டிடெக்டர் செல்லுக்குப் பின் மாட்டும் 0.2 மெகாபாஸ்கல் ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்தைத் தடுத்து அழுத்தம் தருவது) எல்லாம் சேர்ந்திருக்கும். மணிகளை நசுக்குவது குழாயின் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். இரண்டு பக்கமும் சென்சார் உள்ள கருவி அதனால்தான் இவ்வளவு பயன்படுகிறது.

ரூபிப்பந்து

சீல்கிட், தட்டியது பழுது பார்க்க அல்ல, எங்கே பழுது என்று அந்த அறைக்குக் காட்ட. அன்றே வால்வைக் கழற்றிப் புதியது போட்டோம். நீங்கள் சொன்ன எடைச் சோதனையை மாதாந்திரப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், சேனல் வாரியாக. குற்றம் சாட்டப்பட்ட அந்தப் பெண்தான் இப்போது அந்தச் சோதனையை நடத்துகிறார். மேலாளர் அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

சீல்கிட்

அப்படியென்றால் சரி. பிடிக்கும் பாத்திரத்துக்கு மூடி போடச் சொல்லுங்கள். 10 நிமிடத்தில் ஆவியாகிப் போவதும் அந்த எடையில் தெரியும்.