அரிசோனாவில் மகனுக்கு இடைநீக்கம்: எதிர்ப்பதா, பள்ளியை மாற்றுவதா?

பாலைவனவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பீனிக்ஸுக்கு அருகே சாண்ட்லரில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனை, உணவு இடைவேளையில் நடந்த கைகலப்புக்காக அவனது அரசுப் பள்ளி ஐந்து நாள் இடைநீக்கம் செய்திருக்கிறது. மற்ற மாணவன்தான் முதலில் தள்ளினான் என்கிறான் இவன். துணை முதல்வரோ இவன் தரப்பைக் கேட்கவே இல்லையாம். கடிதத்தின் கடைசி வரியில் ‘மேல்நடவடிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்றிருக்கிறது. கவனக்குறைபாட்டுக்காக அவனுக்கு 504 திட்டம் (குறைபாடுள்ள மாணவருக்குப் பள்ளி செய்து தர வேண்டிய வசதிகளைப் பட்டியலிடும் ஏற்பாடு) உண்டு. உடனே விலக்கிச் சார்ட்டர் பள்ளியில் (அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் இயங்கும் பள்ளி) சேர்த்துவிடுங்கள், இல்லையேல் ஈ.எஸ்.ஏ. எனப்படும் மாநில அரசின் கல்விச் செலவுக் கணக்குப் பணத்தில் தனியார் பள்ளிக்கு அனுப்புங்கள் என்கிறார்கள் நண்பர்கள். எதை முதலில் செய்வது?

மூவர்தாய்:

பள்ளியை மாற்றும் பேச்சைச் சற்று ஒத்திவையுங்கள் ஐயா. ஒஹாயோ மாணவர்கள் தொடுத்த கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பத்து நாள் அல்லது அதற்குக் குறைவான இடைநீக்கமானாலும், குற்றச்சாட்டு என்ன என்பதை மாணவரிடம் சொல்ல வேண்டும், அவர் மறுத்தால், கையிலுள்ள ஆதாரத்தை விளக்கி, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். மாணவரால் தொடர்ந்து ஆபத்தோ பாடங்களுக்கு இடையூறோ நேரும் சூழலில் மட்டுமே இதைப் பிறகு செய்யலாம். இது பெரிய விசாரணை அன்று. ஐந்து நிமிட உரையாடலே போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை என்றால், இடைநீக்கத்தை எதிர்த்து நீங்கள் தரும் மனுவின் முதல் வாதம் அதுதான். பையன் நல்லவன், மதிப்பெண் நன்றாக எடுப்பவன் என்று நம்மவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்; அதைப் படிப்பவர் தலையசைத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்.

‘மேல்நடவடிக்கை’ என்ற சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. இடைநீக்கம் பத்து நாளைத் தாண்டினால் முறையான விசாரணை நடத்தியாக வேண்டும். 504 திட்டம் இருப்பதால், அதற்கு முன்பே அந்த நடத்தை அவனது குறைபாட்டிலிருந்து எழுந்ததா என்று பள்ளி கூடி முடிவு செய்யவும் வேண்டும். இந்த ஆண்டில் முன்பும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த நாட்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒரே மாதிரியான காரணத்துக்காகத் தொடர்ந்து விலக்கி வந்திருந்தால் அவை கூட்டாகவே கணக்கில் வரக்கூடும். காவல்துறையும் உள்ளே வந்திருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் அவன் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

கிழக்குச்சாலை:

பள்ளி மாற்றத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கே வழிகளுக்குக் குறைவில்லை. சார்ட்டர் பள்ளிச் சட்டம் 1994இலேயே வந்தது, அங்கே கட்டணமும் கிடையாது. இடமிருந்தால் வேறு பள்ளி மாவட்டத்திலும் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) சேரலாம். ஆனால் வெளியேற்றப்பட்ட மாணவரையும், வெளியேற்றும் நடவடிக்கை நிலுவையில் உள்ள மாணவரையும் சேர்க்க இந்தப் பள்ளிகள் மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே ஐந்து நாளோடு இது முடிகிறதா என்று எழுத்தில் தெரிந்துகொண்ட பிறகு விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

ஈ.எஸ்.ஏ. 2022இல் எல்லா மாணவருக்கும் திறந்துவிடப்பட்டது. பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர் கிடைக்கிறது. அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, பிள்ளைக்குக் கல்வி தரும் கடமையிலிருந்து பள்ளி மாவட்டத்தை நீங்களே விடுவிக்கிறீர்கள். மாணவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று மூவர்தாய் சொன்ன அரசியலமைப்புப் பாதுகாப்பும் தனியார் பள்ளியில் இல்லை. அங்கே நீங்கள் கையெழுத்திட்ட சேர்க்கை ஒப்பந்தமே சட்டம். கோபத்தில் எடுக்கக்கூடிய முடிவு அன்று இது.

பாலைவனவாசி:

இருவருக்கும் நன்றி. செப்டம்பரிலும் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஒருவேளை மாற்றினாலும், இந்தப் பதிவு புதிய பள்ளிக்குப் போகுமா?

மூவர்தாய்:

போகலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் கூட்டாட்சியின் 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டப்படி, பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். தவறான தகவலைத் திருத்தக் கோரலாம். மறுத்தால் விசாரணை கேட்கலாம். அதிலும் தோற்றால் உங்கள் விளக்கத்தைக் கோப்பில் இணைக்கச் செய்யலாம். தண்டனை நியாயமா என்ற கேள்வியை மட்டும் இந்த வழியில் எழுப்ப முடியாது. உணவுக்கூடக் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். 45 நாள் அவகாசம் காகிதத்துக்குப் பரவாயில்லை, காணொளி அதற்குள் தானாகவே அழிந்துவிடக்கூடும்.